ஐந்து ஓட்டைக்கு ஒரு வடை

அத்தியாயம் 6

றொனால்ட் உளுந்து வடையை வாய்வரைக்கும் கொண்டு போய்விட்டான். பல் படுவதற்குள் பாமாக்காவின் கை குறுக்கே வந்து அதைப் பறித்துக்கொண்டது.

"அக்கா! காலமை தொடக்கம் நான் ஒண்டும் சாப்பிடேல்லை."

"உன்ரை வயிறு பொறுக்கும். வழக்குப் பொறுக்காது."

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ரொம்சோஸ் மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே, கார் தரிப்பிடத்தில், தமிழ்க் கடை ஒன்றின் வான் நின்றது. கிழமை நாட்களில் ஒஸ்லோ முழுக்க முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் றொனால்டின் தொழில். சனி, ஞாயிறுகளில் அவன் துப்பறிவாளரின் உதவியாளன். சம்பளம் இல்லை, வடைக்கும் உத்தரவாதம் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் துப்பறிவாளர் சத்தியபாமா, ஊருக்கெல்லாம் பாமாக்கா. இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மூக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வானின் பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றில் லூக்காஸ் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு வழக்கோடு வந்தவர் அவர்தான். ஐம்பது கடந்த மனிதர். முழங்கால் பழுதானதால் ஒரு காலை நீட்டியே வைத்திருந்தார். மடியில் ஒரு கிழிந்த கடதாசி.

"இதை என்ரை வீட்டுக் கதவிலை ஒட்டிப்போட்டுப் போயிருக்கிறான் சுரேன்" என்றார். "இருபது வருசச் சிநேகிதம் பாமாக்கா. மணி அடிச்சிருந்தால் தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பன். களவாய் வந்து ஒட்டிப்போட்டுப் போயிட்டான்."

கடதாசியில் எல்க் மாட்டின், அதாவது நோர்வேக் காட்டின் பெரிய மானின், முதுகும் வயிறும் கறுப்பாக அச்சிடப்பட்டிருந்தன. நெஞ்சுப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழுந்தால்தான் வேட்டைச் சோதனையில் தேறலாம். வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. ஐந்து ஓட்டைகளும் ஒரு சாண் மேலே, மாட்டின் முதுகையும் தாண்டி, வெறும் வானத்தில் இருந்தன.

"சுரேன் மாட்டைச் சுடேல்லை. மழை மேகத்தைச் சுட்டிருக்கிறான்" என்றான் றொனால்ட்.

லூக்காஸ் சிரிக்கவில்லை.

கதை இதுதான். ஓட்வார் என்ற நோர்வேஜியரின் வேட்டைக்குழுவில் லூக்காஸ் ஒன்பது வருடம் இருந்தார். முழங்கால் போனதும் தன் இடத்தைச் சுரேனுக்கு வாங்கிக் கொடுத்தார். சுரேன் அதற்காக ஆறு வருடம் காத்திருந்தவன். அனுமதிப் பத்திரம் எடுத்தான், துவக்கு வாங்கினான். குறி பார்ப்பதற்காகத் துவக்குக்கு மேலே பூட்டுகிற தொலைநோக்கியில், அந்த ஸ்கோப்பில்தான் பிரச்சினை தொடங்கியது. ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஒருவர் பதினாறு மடங்கு பெரிதாக்குவதை வாங்கு என்றார். இன்னொருவர் இருபத்திநாலு என்றார்.

"நான் சொன்னன், உது எல்லாம் நிலவு பாக்கிறதுக்கு நல்லதெண்டு" என்றார் லூக்காஸ். "இஞ்சத்தைக் காட்டிலை எல்க் நாப்பது மீற்றரிலை மரத்துக்குள்ளாலை ஓடி வரும். இருபது மடங்கு பெருப்பிச்சுப் பாத்தால் மாடு தெரியாது, மயிர்தான் தெரியும். அதின்ரை தலை எங்கை, வால் எங்கை எண்டு தேடி முடிக்க அது சுவீடனுக்குப் போயிடும். என்ரை பழைய ஸ்கோப் ஒரு மடங்கிலையிருந்து நாலு மடங்கு மட்டும்தான் பெருப்பிக்கும். ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சுக்கொண்டு குறி பாக்கலாம். பாரமும் இல்லை. ஆகஸ்டிலை ரெண்டாயிரம் குறோணருக்குக் குடுத்தனான். புதுசா வாங்கப் போனால் இருபதாயிரம் கேப்பாங்கள்."

"ஆகஸ்டிலை எப்பிடிச் சுட்டவன்?" என்றார் பாமாக்கா.

"முப்பது குண்டு பழகினவன். முப்பதும் வட்டத்துக்குள்ளை. சோதனைக்கு ஏப்ரல் தொடக்கம் நாள் குடுத்தவங்கள். எங்கடை ஆள் கடைசிக் கிழமைக்குத்தானே போவார்! வியாழன் பின்னேரம் போனான். ஐஞ்சும் பிழைச்சுப் போச்சு."

அன்றிரவே நூற்று எண்பத்தாறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் சுரேன் எழுதிவிட்டான்: 'சிநேகிதன் என்று நம்பினேன். குப்பையைத் தலையில் கட்டிவிட்டான்.' பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. லூக்காஸிடம் முன்பு பழைய கார் வாங்கியவர், பழைய பனிச்சறுக்குப் பலகை வாங்கியவர் எல்லோரும் வெள்ளிக்கிழமை முழுக்கத் தங்கள் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"நாளைக்கு வேட்டை தொடங்குது. இண்டைக்கு ரெண்டு மணிக்குக் கடைசிச் சோதனை. ஒரு மணிக்குக் கடையிலை இருபதாயிரத்துக்குப் புதுசு வாங்கிப் பூட்டப் போறானாம்." லூக்காஸ் கடதாசியைப் பாமாக்காவிடம் நீட்டினார். "அதை வைச்சு அவன் தேறினான் எண்டால், நான் கள்ளன் எண்டது முடிஞ்ச முடிவு பாமாக்கா. முப்பது வருசமா இந்த ஊரிலை ஒருத்தரையும் நான் ஏமாத்தேல்லை."

பாமாக்கா கடதாசியை மடியில் விரித்தார். பறித்த வடையை அந்த ஐந்து ஓட்டைகளுக்கு மேல் வைத்தார். ஐந்தும் அதற்குள் அடங்கிவிட்டன. நடு ஓட்டை மட்டும் வடையின் துளைக்குள்ளால் எட்டிப் பார்த்தது.

"றொனால்ட், பழுதான ஸ்கோப் என்ன செய்யும்?"

"பிழையாய்ச் சுட வைக்கும்."

"எப்பிடிப் பிழையாய்? ஒண்டு மேலை, ஒண்டு கீழை, ஒண்டு அயல் வீட்டிலை. பழுதான சாமானுக்கு ஒழுங்கு தெரியாது. இது ஐஞ்சும் ஒரு வடைக்குள்ளை அடங்குது. ஸ்கோப்பும் நல்லது, சுட்டவனும் நல்லாச் சுட்டிருக்கிறான். ஆரோ ஸ்கோப்பை வேறை பக்கம் பாக்க வைச்சிருக்கினம். வானை எடு, லோறென்ஸ்கூக்குக்கு, சுரேன் வீட்டை போவம்."

"வடை?"

"அது சான்றுப் பொருள்."

*

சுரேன் மின்வேலை செய்பவன். அவன் வீடு வரிசை வீடுகளில் கடைசி. லூக்காஸ் வானைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். கூப்பிடாத வீட்டுக்குத் தான் வரமாட்டேன் என்று அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

முற்றத்தில் நின்ற மின்சாரக் காரின் முன்மூடியில் சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம். தானாக ஓடிப் புல்வெட்டுகிற இயந்திரத்தின் முதுகிலும் ஒன்று. வாசலில் சாத்தியிருந்த பனி வழிக்கிற சவளுக்கும் ஒன்று. உள்ளே போனால் சுவர் துளைக்கிற இயந்திரம், தையல் மெசின், மடிக்கணினி, கோப்பி மெசின் எல்லாமே நெற்றி துலங்க நின்றன.

"அக்கா, கனநேரம் நிண்டால் எங்களுக்கும் வைச்சுப்போடுவினம்" என்று றொனால்ட் காதுக்குள் சொன்னான்.

"ஆயுத பூசைக்கு வேலைச் சாமானுக்குத்தான் பொட்டு வைப்பினம். உனக்கு வைக்கிறதெண்டால் நீ வேலைக்கு உதவோணும்."

சுரேனின் மனைவி உதயகுமாரி சிரித்த முகத்தோடு தேநீரும் வடையும் கொண்டுவந்தாள். பார்னெஹாகெ என்கிற பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். யாரைக் கண்டாலும் முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுவாள். சுரேன் சிரிக்கவில்லை.

"லூக்காஸ் அனுப்பினவரோ?"

"ஓம். ஆனால் நான் அவருக்காகக் கதைக்க வரேல்லை. உம்மடை ஸ்கோப் என்ன சொல்லுதெண்டு கேக்க வந்தனான்."

சுரேன் திறப்பை எடுத்துப் போய் இரும்பு அலுமாரியைத் திறந்தான். குண்டு இல்லை என்று காட்டிவிட்டுத் துவக்கை மேசைமேல் துணியில் வைத்தான். அதற்கு மேலே கட்டைக் குழாயாக, கறுப்பாக, அடக்கமாக அந்த ஸ்கோப். பகட்டு எதுவும் இல்லாத சாமான். இதற்காகவா இரண்டு குடும்பம் கதை பேச்சில்லாமல் இருக்கிறது என்று றொனால்டுக்கு இருந்தது.

பாமாக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குறியைக் கூட்டிக் குறைக்கிற மூடிகளிலும், குழாயை இறுக்குகிற ஆணிகளிலும் சிவப்பு நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்திருந்தது.

"உது லூக்காஸ் போட்டது" என்றான் சுரேன். "ஆராவது ஆணியைத் திருப்பினால் கோடு உடையும். பாருங்கோ, ஒண்டாவது உடைஞ்சிருக்கோ?"

ஒன்றுகூட உடையவில்லை.

"கீழை விழுத்தினனீரோ?"

"இல்லை."

"ஆரும் தொட்டவையோ?"

"ஒருத்தரும் தொடேல்லை. அலுமாரித் திறப்பு என்னட்டை மட்டும்தான் இருக்கு." சுரேன் கையை விரித்தான். "பாத்தீங்களே? ஆணி அசையேல்லை, ஆள் தொடேல்லை. அப்ப பழுது எங்கை? உள்ளுக்கை. அதை வித்தவன்ரை மனசிலை."

றொனால்ட் வெளியே வானுக்குள் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிற மனிதரை நினைத்தான். லூக்காஸ் தன் கையால் போட்ட கோடே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே!

"புது ஸ்கோப் விக்கிற கடைக்காரன்தான் ஏதோ செய்திருப்பான் அக்கா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"அவன் என்ன, புகைபோக்கியாலை இறங்கி வந்தவனே?"

மணி பன்னிரண்டு இருபது. சுரேன் கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டான். பாமாக்கா அவசரப்படவில்லை. தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். கண் மட்டும் கோப்பி மெசினில் இருந்து தையல் மெசினுக்கும், அங்கிருந்து மேசைமேல் இருந்த துவக்குக்கும் போய்வந்தது. கோப்பையை வைத்தார். சுரேனை விட்டுவிட்டு அவன் மனைவி பக்கம் திரும்பினார்.

"உதயா, பூசை நல்லாச் செய்திருக்கிறீர் போலை. எத்தினை சாமான் வைச்சனீர்?"

உதயகுமாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "கும்பத்துக்கு முன்னாலை இடம் காணாமல் போச்சுது அக்கா! பிள்ளையின்ரை வயலின், புத்தகங்கள், என்ரை தையல் மெசின், இவற்றை வேலைச் சாமான் பெட்டி, கார் உள்ளை வராது எண்டு திறப்பை வைச்சம், பிறகு இவற்றை..."

அவள் கணவனைப் பார்த்தாள். வசனம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார் பாமாக்கா. "பனி வழிக்கிற சவளுக்குப் பொட்டு இருக்கு. ஒரு கோப்பி மெசினுக்குப் பொட்டு இருக்கு. ஆறு வருசமாத் தவம் கிடந்து எடுத்த சாமானுக்கு மட்டும் பொட்டு இல்லை. இந்த வீட்டிலை அது நடக்குமே?"

"துவக்கை அலுமாரிக்கு வெளியிலை வைக்கேலாது அக்கா. சட்டம்" என்றான் சுரேன் விறைப்பாக.

"துவக்குக்குச் சட்டம் இருக்கு. ஸ்கோப்புக்கு?"

சுரேன் கார்த் திறப்பைத் திரும்ப மேசையில் வைத்தான்.

"சுரேன், இந்த ரெண்டு கொளுக்கியையும் திறந்தால், ஆணி ஒண்டும் கழட்டாமல் ஸ்கோப் பிடியோடை கையிலை வரும். அப்பிடித்தானே?"

"ஓம்... ஆனால் அது திருப்பி மாட்டினால் அதே இடத்திலை வந்து இருக்கும் எண்டு லூக்காஸ்தானே சொன்னவன்." சுரேனின் குரல் இறங்கியது. "சாமிக்கு வைச்சதை ஆரும் 'தொட்டது' எண்டு சொல்லுவினமே அக்கா? ஒரு இரவு கும்பத்துக்கு முன்னாலை இருந்தது. விஜயதசமி எண்டு வியாழன் காலமை எடுத்து வைச்சன். பின்னேரம் வேலையாலை ஓடி வந்து, அந்தரத்திலை மாட்டிக்கொண்டு சோதனைக்குப் போனன்."

"இப்ப கழட்டும்."

சுரேன் கொளுக்கிகளைத் திறந்து ஸ்கோப்பைத் தூக்கினான். துவக்கில் அது உட்காருகிற முன்பக்கத் தட்டு சுத்தமாக இருந்தது. பின்பக்கத் தட்டில் மஞ்சளாக, காய்ந்து இறுகி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியோடு நசுங்கிப்போய் ஒட்டியிருந்தது ஒரு சந்தனப் பொட்டு. கால் அரிசிமணிக் கனம்கூட இராது.

"கர்த்தரே!" என்றான் றொனால்ட்.

"பின்பக்கம் இவ்வளவு உயர்ந்தால், ஸ்கோப் மூக்கைக் கீழை குத்திக்கொண்டு பாக்கும். அதின்ரை சொல்லைக் கேட்டுக் குறி வைச்சால் குழல் மேலை பாக்கும். இஞ்சை ஒரு பொட்டுக் கனம், நூறு மீற்றர் தள்ளி ஒரு சாண். அதாலைதான் ஐஞ்சும் ஒரே இடத்திலை போய் வானத்திலை விழுந்தது."

உதயகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"நான்தான் வைச்சனான். கண்ணாடியிலை பட்டால் பழுதாப் போகும் எண்டு இவர் சொன்னவர். வெளியிலை வைச்சால் ஓட்வாரும் மற்ற ஆக்களும் கண்டு இவரைச் சிரிப்பினம் எண்டு யோசிச்சன். முதல் வருசம், புது ஆள்... அதுதான் ஒருத்தருக்கும் தெரியாமல் அடியிலை வைச்சன். நல்லா வரோணும் எண்டுதான் வைச்சன் அக்கா."

சுரேன் மனைவியைப் பார்த்தான். கோபம் வரும் என்று றொனால்ட் பயந்தான். வரவில்லை. அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தான்.

"அக்கா, நான் லூக்காஸை என்னெல்லாம் சொல்லிப்போட்டன்."

"நூற்று எண்பத்தாறு பேருக்குச் சொன்னனீர். நானும் அந்தக் குழுவிலைதான் இருக்கிறன்."

"இப்ப துடைச்சுப்போட்டுப் போய்ச் சுடுறன். தேறின உடனை எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதுறன்."

"தேறின பிறகு எழுதுறது கொண்டாட்டம்" என்றார் பாமாக்கா. "சுட முன்னம் எழுதும். அதுதான் மன்னிப்பு."

சுரேன் தயங்கினான். தயக்கம் நியாயமானதுதான். பொட்டைத் துடைத்தும் குண்டு வானத்துக்கே போனால், அவன் இரண்டு தரம் முட்டாளாவான். கடைக்காரன் ஒரு மணிக்குக் காத்திருந்தான். மணி பன்னிரண்டு நாற்பது.

அவன் எழுந்தான். வெந்நீரும் துணியும் எடுத்துவந்து தட்டு பளிச்சென்று ஆகும்வரை துடைத்தான். ஸ்கோப்பை மாட்டிக் கொளுக்கியை இறுக்கினான். பிறகு செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே நடந்து, வானின் பின்கதவைத் திறந்து, அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று, தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். சுரேன் கதைக்கிறன். லூக்காஸ் எனக்குத் தந்தது நல்ல ஸ்கோப். பிழை என்ரை வீட்டிலை நடந்தது. நான் சொன்னது அநியாயம்."

குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். லூக்காஸ் அரிசி மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"தேத்தண்ணி இருக்கோ உள்ளுக்கை?" என்றார்.

"இருக்கு. வாங்கோ அண்ணை."

*

சுடும் திடல் காட்டோரமாக இருந்தது. சோதனையை நடத்தியவர் ஓட்வார்தான், எழுபது வயது ஆள். சிவப்புத் தொப்பி, வார்த்தைக்குப் பஞ்சம். முன்பொருமுறை உதயகுமாரி வைத்த எல்க் இறைச்சிக் கறியை மூன்று தட்டுச் சாப்பிட்டுவிட்டு, வியர்த்துக்கொண்டு, "நல்லது" என்ற ஒரே சொல்லைச் சொன்னவர்.

முதலில் பழகிப் பார்க்க ஒரு குண்டு. வட்டத்துக்குள் விழுந்தது. லூக்காஸ் அதைக் கண்டும் நம்பாதவர்போலச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சோதனைக்குரிய ஐந்து. ஒவ்வொரு வெடிக்கும் உதயகுமாரி கண்ணை மூடினாள். றொனால்ட் விரல் மடக்கி எண்ணினான். ஐந்தாவது முடிந்ததும் ஓட்வார் நூறு மீற்றர் நடந்து போய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு, அதே நடையில் திரும்பி வந்தார். அந்த நடை றொனால்டுக்கு ஒரு வருடமாகத் தெரிந்தது.

பாமாக்கா கைப்பையில் இருந்து சான்றுப் பொருளை எடுத்துக் கடதாசியில் வைத்தார். ஐந்து ஓட்டையும் வடைக்குள் அடங்கின. இந்த முறை வடை வட்டத்தின் நடுவில் இருந்தது.

"தேறிவிட்டாய்" என்றார் ஓட்வார். "நாளை காலை ஐந்து மணி."

சுரேன் லூக்காஸைக் கட்டிப்பிடித்ததில் அவர் முழங்கால் நொந்து கத்தினார். அதையும் சிரித்துக்கொண்டே கத்தினார். றொனால்ட் சான்றுப் பொருளை இரண்டே கடியில் அழித்தான்.

அப்போதுதான் ஓட்வார் குனிந்து சுரேனின் துவக்கைப் பார்த்தார். ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தின் மேல், கண்ணாடியில் படாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி, புதிதாக ஒரு சந்தனப் பொட்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது சுரேன்தான் மனைவியிடம் கேட்டு வைத்துக்கொண்டான். ஒளித்து வைத்ததால்தானே இவ்வளவும் வந்தது, இனி எல்லோரும் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தான்.

"இது என்ன?" என்றார் ஓட்வார்.

உதயகுமாரிக்கு முகம் வெளிறியது. லூக்காஸ் நொண்டிக்கொண்டு முன்னால் வந்து, நல்ல நோர்வேஜிய மொழியில், பெருமையாகச் சொன்னார்:

"அதுவா? விற்றவனின் உத்தரவாத முத்திரை."

ஓட்வார் நீண்ட நேரம் யோசித்தார். போய்த் தன்னுடைய துவக்கை எடுத்துவந்தார். அதன் மேல் பெரிய, பளபளப்பான ஸ்கோப் ஒன்று இருந்தது.

"இதற்கு இருபதாயிரம் கொடுத்தேன்" என்றார் மனத்தாங்கலோடு. "எனக்கு இப்படி ஒன்றும் தரவில்லையே."

உதயகுமாரி ஒரு கணம் திகைத்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கைப்பையைத் திறந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். பாமாக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அடியிலை இல்லை, மேலாலை!"